முத்திரை குத்தறதுக்கு ஒரு டிகிரியா?

மொதல்லயே டிஸ்கி போட்டுடறேன்: பதிவு கொஞ்சம் நீளம். ஆபீஸ்ல ஆணி அதிகமா இருக்கறவங்க சாயங்காலம் ஒரு டீயைக் கையில வச்சுக்கிட்டு படிங்க. அது எங்க ஊர் டீயா இருந்தா ரொம்ப சந்தோஷம் :-)

எங்க ஊர்னா தேவர்சோலை. நீலகிரின்னு சொன்னதும் "ஓ, ஊட்டியா!"ன்னு எல்லாரும் ஸ்வெட்டரைப் பத்தி விசாரிப்பாங்க. இது அந்தப் பக்கம் இல்லீங்க. ஊட்டியிலிருந்து மலை இறங்கி கூடலூர் வந்து, அங்கிருந்து பாட்டவயல் வழியா சுல்தான் பத்தேரி போற ரோட்டுல இருக்கு. தேயிலை, காப்பி, மிளகு, ஜூன்ல பிடிச்சா விடாத மழை, ராத்திரியில யானை. கடைவீதியில நின்னா தமிழும் மலையாளமும் கன்னடமும் மாத்தி மாத்தி காதுல விழும்.

அப்பாவுக்கு எஸ்டேட்ல வேலை. ஞாயித்துக்கிழமை ஆனா சாமான் வாங்க கூடலூர் போவார். நானும் தொத்திக்குவேன். மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போனா அது வேணும் இது வேணும்னு உயிரை வாங்குவேன். அதனால என்னை நூலகத்துல உக்கார வச்சுட்டுப் போயிடுவார். நம்ம பொது நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு, ஞாயித்துக்கிழமை தொறந்திருக்கும். வாரத்துல ஒரே நாள் ஓய்வு கிடைக்கற தோட்டத்து ஜனங்களுக்கு அது எவ்வளவு பெரிய வசதின்னு அந்த வயசுல எனக்குத் தெரியல.

அங்க இருந்தவர்தான் லைப்ரரி சார். பேர் சொல்லல, அவருக்குப் பிடிக்காது. ஒன்பதாவது படிக்கறப்ப அவர்கிட்ட போய், "சார், யானை புக் இருக்கா?"ன்னு கேட்டேன். எடுத்துக் குடுத்துட்டு அனுப்பியிருக்கலாம். அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்.

"யானையில என்ன தம்பி? கதையா, விலங்கியலா, காட்டைப் பத்தியா?"

"தெரியல சார்."

"எதுக்கு வேணும்? ஸ்கூல்ல பேச்சுப் போட்டியா?"

"இல்ல சார். எங்க வாழையைத் தின்னுட்டுப் போயிருச்சு. ஏன் ஊருக்குள்ள வருதுன்னு தெரிஞ்சுக்கணும்."

"அப்படிச் சொல்லு"ன்னு எழுந்து போய் ரெண்டு புத்தகம் எடுத்துட்டு வந்தார். ரெண்டுலயும் அட்டையில யானை இல்ல. காட்டைப் பத்தின புத்தகங்க. ஆனா எனக்கு வேண்டியது உள்ள இருந்துச்சு.

பன்னெண்டாவது முடிச்ச லீவுல அவரே ஒரு நாள் கூப்பிட்டு, "நூலக அறிவியல்னு ஒரு படிப்பு இருக்கு தம்பி. நீ நல்லா தேடற. யோசிச்சுப் பாரு"ன்னார். கூட ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் இருந்தாங்க. அவங்க முன்னாடி பந்தா காட்டணும்ல? "முத்திரை குத்தறதுக்கு ஒரு டிகிரியா சார்?"னு கேட்டுட்டேன். பசங்க சிரிச்சாங்க. சாரும் சிரிச்சார். நான் நீட்டின புத்தகத்துல தேதி முத்திரையைக் குத்திக் கையில குடுத்தார்.

நான் இன்ஜினியரிங் போனேன். நிற்க.

இப்ப பெங்களூர்ல பொட்டி தட்டற வேலை. ஒரு ஷாப்பிங் சைட்டுக்கு தேடல் பகுதி எழுதற டீம். நீங்க "சட்டை"ன்னு அடிச்சதும் இடது பக்கத்துல நிறம், சைஸ், விலை, துணி, பிராண்டுன்னு டிக் பண்ண வரிசையா வருதே, அந்த வேலைதான். எங்க பாஷையில அதுக்குப் பேர் ஃபேசட் தேடல். வைரத்துக்குப் பல பட்டை இருக்கற மாதிரி ஒரு பொருளுக்கும் பல பட்டை இருக்கு, எந்தப் பட்டை வழியா வேணும்னாலும் அதைப் புடிக்கலாம்னு அர்த்தம். இந்த ஃபேசட்ங்கற பேரை எவன் வச்சான்னு சும்மா ஒரு நாள் தேடினேன். கலிபோர்னியாவுல ஏதோ ஒரு வெள்ளைக்காரர் வருவார்னு நினைச்சேன்.

வந்தவர் சீர்காழிக்காரர். 1892ல பிறந்த சீர்காழி ராமாமிர்தம் ரங்கநாதன். சென்னைப் பல்கலைக்கழகத்தோட முதல் நூலகர்.

காது சூடாயிடுச்சு. முத்திரை குத்தறதுக்கு டிகிரியான்னு நான் எந்தப் படிப்பைக் கேட்டேனோ, அந்தப் படிப்பு போட்டுக் குடுத்த சோத்தைத்தான் நான் தின்னுட்டிருக்கேன். அப்புறம் ஒரு மாசமா நூலகர்ங்கற தொழிலோட வரலாறைத் தேடித் தேடிப் படிச்சேன். படிச்சதுல எனக்குப் புரிஞ்சதை இங்க எழுதறேன்.

காவல்காரர் காலம்

நூலகம் ரொம்பப் பழசு. நூலகர்ங்கற தொழில் அவ்வளவு பழசு இல்ல. எகிப்துல அலெக்சாந்திரியா நூலகத்துல கி.மு. 3ஆம் நூற்றாண்டுல கலிமாக்கஸ்னு ஒருத்தர் இருந்தார். 120 சுருள்ல ஒரு பட்டியல் போட்டார். யார் எழுதினது, எந்த வகை, என்னென்ன எழுதியிருக்கார்னு வகை பிரிச்ச பட்டியல். அதுல இன்னைக்குக் கிடைக்கறது துண்டு துண்டான சில குறிப்புகள்தான். ஆனா கலிமாக்கஸை அந்தக் காலத்துல கவிஞர்னுதான் கொண்டாடினாங்க. பட்டியல் போடறது புலவர்கள் பாத்த வேலையில ஒண்ணு, அவ்வளவுதான்.

நம்ம பக்கமும் சும்மா இல்ல. இன்னைக்குக் கர்நாடகாவுல கலபுரகி மாவட்டத்துல இருக்கற நாகாவியில 1058ஆம் வருஷத்துக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. சாளுக்கியர் காலத்துக் கல்விச்சாலையைப் பத்தினது. அதுல ஆசிரியர்களோட சேர்த்து ஆறு "சரஸ்வதி பண்டாரிகர்"களையும் சொல்லியிருக்காங்க. சரஸ்வதி பண்டாரம்னா சுவடி வச்சிருக்கற இடம். அதைப் பாத்துக்க ஆறு பேர்! ஆயிரம் வருஷம் முன்னாடியே வாத்தியாரோட ஒரே கல்வெட்டுல நூலகருக்கும் இடம் இருந்திருக்கு. இதைப் படிச்சதும் சார்கிட்ட ஓடிப் போய்ச் சொல்லணும் போல இருந்துச்சு.

ஆனா அந்தப் பேரைக் கவனிங்க. பண்டாரிகர். பண்டாரத்தைக் காக்கறவர். உலகம் பூரா இதே கதைதான். கையால எழுதற காலத்துல ஒரு புத்தகம்ங்கறது பெரிய சொத்து. இங்கிலாந்துல ஹெர்ஃபோர்டு தேவாலயத்துல புத்தகங்களை இரும்புச் சங்கிலி போட்டு அலமாரியோட பூட்டியிருப்பாங்க, இன்னைக்கும் போய்ப் பாக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டு பாட்லியன் நூலகத்துல 1645ல சார்லஸ் ராஜா ஒரு புத்தகத்தை இரவல் கேட்டார். வெளிய குடுக்கறது விதியில இல்லன்னு நூலகர் மறுத்துட்டார். ராஜாவும் ஒத்துக்கிட்டார். தைரியம்தான், ஒரு சல்யூட் வைக்கலாம். ஆனா அந்த நூலகரோட பெருமை எதுல இருந்துச்சு பாருங்க: குடுக்காம இருந்ததுல.

பத்தொன்பதாம் நூற்றாண்டுல பிரிட்டிஷ் மியூசியத்துல பானிட்சின்னு ஒருத்தர் வந்தார். இத்தாலியில அரசியல் பண்ணி, உயிர் பொழைக்க லண்டனுக்கு ஓடி வந்த அகதி. 1837ல அச்சு நூல் பிரிவுக்குத் தலைவர் ஆனார். பதவியோட பேரே "கீப்பர்", அதாவது காவலர். அவர் 1841ல பட்டியல் போடறதுக்கு 91 விதி எழுதினார். ஒரே ஆள் ரெண்டு பேர்ல எழுதினா என்ன பண்றது, பேரே இல்லாத புத்தகத்தை எங்க வைக்கறதுன்னு நாங்க டேட்டாபேஸ்ல இன்னைக்கு மண்டையை உடைச்சுக்கற அதே சமாச்சாரம். ஏழை மாணவனுக்கும் பணக்காரனுக்குக் கிடைக்கற அதே புத்தகம் கிடைக்கணும்னு அவர் வாதாடினார். காவலர் பட்டம் வச்சிருந்தவர் கதவைத் தொறக்கப் பாத்தார்னு வச்சுக்கோங்களேன்.

தொழிலாச்சு, சம்பளம்?

தொழில்னு சொல்லிக்கணும்னா நாலு விஷயம் வேணும்: சங்கம், பத்திரிகை, படிப்பு, பொதுவான முறை. இதுல மூணு ஒரே வருஷத்துல வந்துச்சு, 1876ல, அமெரிக்காவுல. அமெரிக்க நூலகச் சங்கம் ஆரம்பிச்சது, அவங்களுக்குன்னு ஒரு பத்திரிகை வந்தது, மெல்வில் டூயி தன்னோட பதின்மப் பகுப்பு முறையை வெளியிட்டது, எல்லாம் அந்த வருஷம்தான். சங்கம், பத்திரிகை ரெண்டுலயும் டூயி கை இருந்துச்சு. அப்ப அவருக்கு வயசு 24, 25. நம்மள்ல பல பேர் அந்த வயசுல என்ன பண்ணிட்டிருந்தோம்னு கேக்காதீங்க :-)

நாலாவது, படிப்பு. 1887ல நியூயார்க் கொலம்பியா கல்லூரியில உலகத்தோட முதல் நூலகப் பள்ளியை டூயி ஆரம்பிச்சார். முதல் வகுப்புல 20 பேர், அதுல 17 பேர் பெண்கள். பெண்களைச் சேர்த்ததுல கல்லூரி நிர்வாகத்துக்குக் கோபம். ரெண்டே வருஷத்துல பள்ளி ஆல்பனிக்கு மூட்டை கட்டிருச்சு.

இதுல ரெண்டு பக்கம் உண்டு. படிச்ச பெண்களுக்கு வேலையே கிடைக்காத காலத்துல ஒரு கதவு தொறந்துச்சு. அதே சமயம், பெண்கள் குறைஞ்ச சம்பளத்துக்கு வருவாங்கங்கற கணக்கும் அதுல இருந்துச்சு. "சேவை"ன்னு பேர் வச்சா சம்பளத்தைக் குறைச்சுக்கலாம்ங்கற சூத்திரத்தை நர்ஸ், டீச்சர், நூலகர்னு எல்லாப் பக்கமும் போட்டுப் பாத்தாங்க. டூயியையும் ரொம்பத் தூக்கி வைக்க முடியல. யூதர்களையும் கறுப்பின மக்களையும் ஒதுக்கினது, பெண்கள்கிட்ட தப்பா நடந்துக்கிட்டதுன்னு அவர் மேல இருந்த கறைக்காக, அவர் பேர்ல குடுத்துட்டிருந்த பதக்கத்திலிருந்து அந்தப் பேரை 2019ல அதே அமெரிக்கச் சங்கமே எடுத்துருச்சு.

இந்தியாவுக்கு இந்தப் படிப்பு வந்தது பரோடா வழியா. மகாராஜா மூன்றாம் சாயாஜிராவ் அமெரிக்காவுக்குப் போனப்ப அங்க இருந்த நூலகங்களைப் பாத்து அசந்து போய், 1910ல போர்டன்னு ஒரு அமெரிக்க நூலகரைக் கூட்டிட்டு வந்தார். 1911ல பரோடாவுல பயிற்சி வகுப்பு ஆரம்பமாச்சு. 1915ல லாகூர்ல டிக்கின்சன்னு இன்னொரு அமெரிக்கர் வகுப்பு எடுத்தார்.

அப்ப நம்ம சென்னையில? கன்னிமாரா 1896லயே தொறந்தாச்சு. தஞ்சாவூர் சரஸ்வதி மகால் 1918ல பொதுமக்களுக்குத் தொறந்துச்சு. எங்க மாவட்டத்துல ஊட்டியில 1859லயே நீலகிரி நூலகம் ஆரம்பிச்சாச்சு. ஆனா அது சந்தா கட்டற உறுப்பினர்களுக்கு. வெள்ளைக்கார துரைமார் காலத்துல ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளி அந்தப் படியேறியிருக்க முடியுமான்னு நான் சொல்ல வேண்டியதில்ல. சிவப்புச் செங்கல் கட்டடம், ராபர்ட் சிஷோம் வடிவமைச்சது. இந்த சிஷோம் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க. சென்னை மாநிலக் கல்லூரிக் கட்டடமும் அவர் வரைஞ்சதுதான். நம்ம ஹீரோ அங்கதான் கணக்கு வாத்தியாரா இருந்தார்.

கணக்கு வாத்தியார்

ரங்கநாதன் நூலகத்துக்குன்னு பொறந்தவர் இல்ல. சின்ன வயசுல திக்குவாய் இருந்து, முயற்சி பண்ணி சரி பண்ணிக்கிட்டவர். கணிதம் படிச்சு, மங்களூர், கோயம்புத்தூர், அப்புறம் சென்னை மாநிலக் கல்லூரின்னு பாடம் நடத்தினார். பல்கலைக்கழகம் நூலகர் வேணும்னு விளம்பரம் குடுத்தப்ப, சம்பளம் கூடன்னு நண்பர்கள் சொன்னதால விண்ணப்பம் போட்டார். ஏறக்குறைய 900 பேர் விண்ணப்பிச்சாங்களாம். நூலகத்தைப் பத்தி இவருக்குத் தெரிஞ்சது இன்டர்வியூவுக்கு முன்னாடி கலைக்களஞ்சியத்துல படிச்ச ஒரு கட்டுரை மட்டும்தான்னு சொல்வாங்க. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முந்தின நாள் ராத்திரி நாம ஜாவா படிச்ச மாதிரி.

1924 ஜனவரியில வேலையில சேர்ந்தார். சில நாள்லயே வெறுத்துப் போச்சு. வாசகர் யாரும் வர்றதில்ல, பேச ஆள் இல்ல, தனிச்சிறை மாதிரி இருக்குன்னு பழைய கல்லூரி முதல்வர்கிட்டயே போய் நின்னு, திரும்ப எடுத்துக்கோங்கன்னார். அவர், "எப்படியும் லண்டனுக்குப் பயிற்சிக்கு அனுப்பறாங்க, போயிட்டு வா. அப்பவும் பிடிக்கலன்னா இங்க வந்துடு"ன்னு சொல்லி அனுப்பினார்.

அந்த முதல்வர் மட்டும் அன்னைக்கு சரின்னு தலையாட்டியிருந்தா, இன்னைக்கு நான் வேற ஏதோ கோட் எழுதிட்டிருப்பேன்.

லண்டன்ல பல்கலைக்கழகக் கல்லூரியில நூலகப் பள்ளி. பெர்விக் சேயர்ஸ்னு ஒருத்தர் பகுப்பு முறை பாடம் எடுத்தார். கிராய்டன் ஊரோட பொது நூலகத் தலைவர் அவர். நூத்துக்கும் மேல நூலகங்களை ரங்கநாதன் சுத்திப் பாத்தார். அங்கதான் அவருக்குப் பொறி தட்டினது. குழந்தைக வர்றாங்க, தொழிலாளிக வர்றாங்க, நூலகர் எழுந்து போய் அவங்ககிட்ட பேசறார். இது காவல் வேலை இல்ல, ஆளையும் புத்தகத்தையும் சேர்த்து வைக்கற வேலைன்னு புரிஞ்சது.

இன்னொரு பொறி ஒரு கடையில. செல்ஃப்ரிட்ஜஸ்னு பெரிய கடை, அங்க மெக்கானோ பொம்மை வித்துட்டிருந்தாங்க. துளை போட்ட பட்டைகள், நட்டு, போல்ட்டு. அதே துண்டுகளை மாத்தி மாத்திப் பூட்டினா கிரேன், கார், பாலம்னு என்ன வேணா பண்ணலாம். புத்தகத்தோட பொருளையும் இப்படித் துண்டு துண்டா வச்சுக்கிட்டுப் பூட்டினா என்னன்னு யோசிச்சார்.

இதை எங்க ஊர் உதாரணத்துல சொல்றேன். தேயிலைக்கு கொப்புள நோய்னு ஒண்ணு வரும், மழைக்காலத்துல கொழுந்தை நாசம் பண்ணிடும். "1950கள்ல நீலகிரியில தேயிலைக்கு வந்த கொப்புள நோயைத் தடுத்தது எப்படி"ன்னு ஒரு புத்தகம் இருக்கறதா வச்சுக்குவோம். டூயி முறை ஒரு மரம் மாதிரி. பெரிய கிளை, சின்னக் கிளை, இலை. தேயிலை சாகுபடின்னா 633.72ன்னு ஒரு பெட்டி முன்னாடியே தயாரா இருக்கும், அதுல கொண்டு போய் வைக்கணும். ரங்கநாதன் முறையில முன்னாடியே செஞ்சு வச்ச பெட்டி கிடையாது. எந்தப் பயிர்? தேயிலை. என்ன பிரச்சனை? கொப்புள நோய். என்ன செஞ்சாங்க? தடுப்பு. எங்க? நீலகிரி. எப்ப? 1950கள். ஒவ்வொண்ணுக்கும் ஒரு குறி, நடுவுல பூட்டறதுக்கு முக்காற்புள்ளி. மெக்கானோ போல்ட்டுதான் அது! அதனாலதான் கோலன் பகுப்புன்னு பேர். 1933ல முதல் பதிப்பு வந்துச்சு. பின்னாடி வந்த பதிப்புகள்ல எந்த விஷயத்தையும் ஆள்பொருள், பண்பு, செயல், இடம், காலம்னு அஞ்சு கேள்வியா உடைக்கலாம்னு நிறுத்தினார்.

எங்க ஷாப்பிங் சைட்டோட இடது பக்கம் இப்ப கண்ணுக்கு முன்னாடி வருதா? அதேதான்.

இதோட இன்னொண்ணும் தோணுச்சு. "யானையில என்ன தம்பி? எதுக்கு வேணும்?"னு சார் என்னைக் கேட்டதும் இதேதான். வாசகனோட மொட்டைக் கேள்வியைப் பட்டை பட்டையாப் பிரிக்கறது. நாங்க பத்து பேர் சேர்ந்து கோட் எழுதிப் பண்றதை அவர் எழுந்து நிக்கறதுக்குள்ள பண்ணிட்டார்.

சட்டம்

1925ல ஊர் திரும்பினவர் மாநிலக் கல்லூரிப் பக்கம் தலை வச்சுப் படுக்கல. 1928ல சென்னை நூலகச் சங்கம். 1929ல கோடைப் பயிற்சி வகுப்பு, அதைப் பின்னாடி பல்கலைக்கழகமே எடுத்துக்கிச்சு. 1931ல அவரோட அஞ்சு விதிகள் புத்தகமா வந்துச்சு. என் பாஷையில சொன்னா: புத்தகம் பூட்டி வைக்க இல்ல, படிக்க, வர்ற எவனுக்கும் அவனுக்கான புத்தகம் உண்டு, எந்தப் புத்தகத்துக்கும் எங்கயோ ஒரு வாசகன் இருக்கான், வந்தவனைக் காக்க வைக்காதே, நூலகம் வளர்ந்துக்கிட்டே இருக்கற உயிர். கேக்க சாதாரணமா இருக்கு இல்ல? ஆனா முதல் விதியை நிஜமா நம்பினா சங்கிலியை அறுக்கணும், அலமாரியைத் தொறந்து விடணும், நேரத்தை நீட்டணும். எல்லாத்துக்கும் மேல, படிச்ச, மரியாதையான சம்பளம் வாங்கற ஒரு நூலகரை அங்க உக்கார வைக்கணும். ஊழியர் இல்லாம முதல் விதியே நடக்காதுங்கறதை அந்தப் புத்தகத்துல விளக்கமாவே எழுதியிருக்கார்.

அதே 1931ல மன்னார்குடி பக்கம் மேலவாசல்ல மாட்டு வண்டி நூலகம் கிளம்புச்சு. கனகசபைப் பிள்ளைங்கறவர் முன்னால நின்னு நடத்தினார். வண்டி நிறைய புத்தகம், ஊர் ஊராப் போகும். நம்ம ஜனங்களுக்குப் படிக்க ஆசை கிடையாதுன்னு பேசினவங்களுக்கு மாடு ரெண்டும் பதில் சொல்லுச்சு.

ஆனா வண்டியும் நல்ல மனசும் ஒருத்தர் காலத்தோட போயிடும். நிக்கணும்னா சட்டம் வேணும், நிரந்தரமா காசு வரணும். 1930ல ரங்கநாதன் ஒரு மாதிரி மசோதா எழுதினார். 1933ல பஷீர் அகமது சயீத் அதைச் சென்னை சட்டசபைக்குக் கொண்டு போனார், நிறைவேறல. சுதந்திரம் வந்து, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சரா இருந்தப்ப, 1948ல சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிச்சு. சுதந்திர இந்தியாவோட முதல் நூலகச் சட்டம். 1950ல நடைமுறைக்கு வந்து, கன்னிமாரா மாநில மைய நூலகம் ஆச்சு. முதல் மசோதாவுக்கும் சட்டத்துக்கும் நடுவுல 18 வருஷம். என் ஒரு புல் ரிக்வெஸ்ட் ரெண்டு நாள் பெண்டிங்ல இருந்தாலே எனக்கு ரத்தக் கொதிப்பு வருது!

அந்தச் சட்டத்தோட உயிர் எங்க இருக்கு தெரியுமா? சொத்து வரியோட வசூலிக்கற நூலக வரியில. ரூபாய்க்குச் சில காசுன்னு ஆரம்பிச்சு, பின்னாடி 10 பைசா வரைக்கும் போச்சு. அந்தக் காசுலதான் மாவட்ட நூலக ஆணைக்குழு ஓடுது. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம்னு கடைசிக் கிராமம் வரை போற கிளையெல்லாம் அந்த வேர்ல வந்தது. ஊட்டிச் செங்கல் கட்டடத்துக்கு சந்தா வேணும். கூடலூர்ல எஸ்டேட் தொழிலாளி பையன் உக்காந்து படிக்க யாரையும் கெஞ்ச வேண்டியதில்ல. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற தூரம் அந்தச் சட்டம்தான்.

சட்டம் வந்துச்சு, ஆனா சம்பளப் பக்கம் கதை பழைய கதைதான். முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலைன்னு நூலகர் பதவிக வரிசையா உண்டு. அடியில இருந்த ஊர்ப்புற நூலகர்கள் முறையான காலமுறை ஊதியம் கேட்டு வருஷக்கணக்கா மனு குடுத்தாங்க. 2010ல சென்னையில அண்ணா நூற்றாண்டு நூலகம், 2023ல மதுரையில கலைஞர் நூற்றாண்டு நூலகம். பாக்கப் பாக்க ஆசையா இருக்கு, நான் குறை சொல்லல. ஆனா கட்டடம் எழுந்து வந்து "எதுக்கு தம்பி வேணும்?"னு கேக்காது. அதுக்கு ஒரு ஆள் வேணும்.

ரங்கநாதன் அதை வாயால மட்டும் சொல்லல. 1956ல சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலக அறிவியல் பேராசிரியர் பதவி ஒண்ணை உண்டாக்கச் சொல்லி ஒரு லட்ச ரூபாய் குடுத்தார். அந்தப் பதவிக்கு மனைவி சாரதா பேரும் சேர்ந்துச்சு. 1962ல பெங்களூர்ல ஆவணமாக்க ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தை ஆரம்பிச்சார். 1972ல இறந்தார். நான் சம்பளம் வாங்கற ஊர்லயேதான் இதெல்லாம் நடந்திருக்கு, நாலு வருஷமா எனக்குத் தெரியாது. ஆகஸ்ட் 12ஐ தேசிய நூலகர் தினமா வச்சிருக்காங்க. அன்னைக்கு எங்க ஆபீஸ்ல யாருக்கும் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல.

கூடலூர் பஸ் ஸ்டாண்டு

போன மழைக்கு ஊருக்குப் போனப்ப சாரைத் தேடிப் போனேன். ரிட்டயர் ஆயிட்டார். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில குடையை மடக்கி வச்சுட்டு பேப்பர் படிச்சுட்டிருந்தார். அடையாளம் தெரிஞ்சுக்கிட்டார்.

"சார், நான் பாக்கற வேலையே ரங்கநாதன் கண்டுபிடிச்சதுதான் சார்!"னு பெரிய ரகசியத்தை உடைக்கற மாதிரி ஆரம்பிச்சேன். ஃபேசட், மெக்கானோ, முக்காற்புள்ளி எல்லாத்தையும் கொட்டினேன். அவர் பொறுமையா கேட்டுட்டு, ஒவ்வொரு விரலா மடக்கினார்.

"பெர்சனாலிட்டி, மேட்டர், எனர்ஜி, ஸ்பேஸ், டைம். எனக்கு அந்தப் பேப்பர்லதான் தம்பி மார்க் கம்மி."

அசடு வழிஞ்சேன். அவர் அதைப் படிச்சுப் பாஸ் பண்ணித்தானே அந்த நாற்காலியில உக்காந்தார்! ஒரு மாசம் தேடி நான் கண்டுபிடிச்ச புதையல் அவருக்கு அந்தக் காலத்துலயே சிலபஸ்ல இருந்திருக்கு. நான்தான் கேக்கவே இல்ல.

"சார், பன்னெண்டாவது முடிச்சப்ப உங்களை ஒரு வார்த்தை சொல்லிட்டேன்."

"என்ன வார்த்தை?"

சொன்னேன். எனக்கே குரல் வரல. அவர் டீயை ஒரு வாய் குடிச்சுட்டு, "அதை எல்லாரும் கேப்பாங்க தம்பி. எங்க வீட்லயே கேட்டாங்க"ன்னார்.

அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. கடைக்காரருக்குக் காசு நான் குடுத்தேன், அதுக்கு மட்டும் விட்டார்.

கிளம்பறப்ப, "இப்ப என்ன படிக்கற?"ன்னு கேட்டார்.

"வரலாறு சார்."

"வரலாறுல என்ன? எதுக்கு?"

பஸ் வந்துருச்சு. அடுத்த தடவை வர்றப்ப சொல்றேன் சார்னு ஏறிட்டேன். பாட்டவயல் பஸ்ல ஜன்னல் பக்கம் சாரல் அடிச்சுட்டிருந்துச்சு. தேவர்சோலை வர்ற வரைக்கும் அந்தக் கேள்விக்குத்தான் பதில் யோசிச்சுட்டு வந்தேன்.

சரி மக்களே, உங்க ஊர்லயும் ஒரு லைப்ரரி சார், இல்ல ஒரு லைப்ரரி மேடம் இருந்திருப்பாங்க. அவங்க உங்களைத் திருப்பிக் கேட்ட கேள்வி எதுவும் ஞாபகம் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. அவங்க இன்னும் இருந்தா, ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க.